யார் கையும் படாமல்

பாய்மரம் பாதி வானத்தில் நின்றபோது கஜபதிக்கு மூக்கு அரித்தது.

வலது கை, கயிறு சுற்றும் வின்சின் கைப்பிடியில் இருந்தது. இடது கை பக்கக் கயிற்றில் இருந்தது. இரண்டில் எதை விட்டாலும் இருபது அடி அலுமினியக் கம்பம் எங்கே வந்து விழும் என்பது அம்மனுக்குத்தான் வெளிச்சம். அவர் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்த வீடியோவில் வெளிநாட்டு வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் இதே கட்டத்தில் சிரித்துக்கொண்டே காபி குடித்தார். அந்த நாட்டில் யாருக்கும் மூக்கு அரிப்பதில்லை போலும்.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு மஸ்தான் பாயின் தலை முளைத்தது. பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கிடையாது என்பதால், யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று மதில் மேலாகத் தேடிக்கொண்டிருப்பார்.

"சார், ஒரு கை புடிக்கவா?"

"வேணாம் பாய்."

"மூஞ்சி ஒரு மாதிரி கீதே?"

"மூக்கு அரிக்குது."

"வந்து சொறிஞ்சு வுடவா?"

"யார் கையும் படக்கூடாது பாய். பந்தயம்."

"கம்பத்துல படக்கூடாது, சரி. மூக்குலயுமா?"

சட்டப்படி இது நல்ல கேள்விதான். ஆனால் கஜபதி சட்டத்தைவிடக் கண்டிப்பானவர். கழுத்தை வளைத்து, மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டார். அந்த ஒரு விநாடியில் கம்பம் ஓரடி பின்னால் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சுற்றினார்.

கஜபதி இப்படி ஆனதற்குக் காரணம் ஒரு பொன்னாடை விழா.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் கிரேன் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். டன் கணக்கில் இரும்பைத் தூக்கினார். அதாவது, பட்டனை அழுத்தினார். ஓய்வு பெற்ற அன்று நடந்த விழாவில், கூட வேலை செய்த பாஸ்கரன் மைக்கைப் பிடித்து, "கஜபதி கஷ்டப்பட்டப்பல்லாம் நான் ஒரு கை குடுத்திருக்கேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சொல்லும்போது கண்கூடக் கலங்கினார். ஆனால் கஜபதியின் காதில் அன்பு விழவில்லை, அந்த 'ஒரு கை' மட்டும் விழுந்தது. இத்தனை வருட உழைப்பும் பாஸ்கரன் போட்ட பிச்சையாகிவிட்டது போல அவருக்குப் பட்டது.

அன்றிலிருந்து அவர் யாரிடமும் எந்தக் கையும் வாங்குவதில்லை. பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறையைக் கைமாற்றிக் கொடுக்க விடமாட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டக்டரிடம் தானே போவார். கேஸ் சிலிண்டரைத் தானே உருட்டி வருவார். திருவேற்காடு கோயிலில் அர்ச்சகர் விபூதியை நீட்டியபோதுகூட, தட்டிலிருந்து நாமே எடுத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நொடி யோசித்தார்.

கடவுளுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். உலகத்தில் எத்தனையோ பையன்கள் இருக்க, கஜபதியின் மகள் கார்த்திகா விரும்பியது பாஸ்கரனின் மகன் தேவாவை. பையன் நல்லவன். வேலை நல்ல வேலை. ஜாதகமும் பொருந்தியது. மறுப்பதற்கு ஒரு காரணம்கூடக் கிடைக்காததுதான் கஜபதிக்குப் பெரிய கோபம்.

"அந்த பாஸ்கரன் பையனா?" என்று காபி டம்ளரை டொக்கென்று வைத்தார். "என் கையால நானே பந்தக்கால் நட்டாதான் உண்டு அந்தக் கல்யாணம். அது இந்த ஜென்மத்துல நடக்காது!"

கிரேன் பிரிவில் இருந்த குரல் அது. பட்டாபிராமில் அந்தத் தெரு முழுவதும் கேட்டது. தெருமுனையில் பூ கட்டிக்கொண்டிருந்த முனியம்மாவே ஒரு கண்ணி தவறவிட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு கார்த்திகா அப்பாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போவாள், வருவாள். "சாப்பாடு ரெடின்னு சொல்லும்மா" என்று அப்பா பக்கத்தில் இருக்கும்போதே அம்மாவிடம் சொல்வாள். கஜபதியும் வீம்புக்கு, "வந்துட்டேன்னு சொல்லு வசந்தா" என்பார்.

மகள் பேசாத வீட்டில் மனிதனுக்குப் பொழுது போகாது. கஜபதி போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். ஒரு வீடியோவில் ஒற்றை மனிதன், ஒற்றைப் படகு, சுற்றிலும் தண்ணீர். உதவி செய்ய ஓர் ஈ காக்கை கிடையாது. கஜபதிக்கு இதுவல்லவோ சொர்க்கம் என்று தோன்றியது. வடக்கே மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, டிரெய்லரோடு கொண்டுவந்து, ஆளுயர மதிலுக்கும் தகரம் அடித்த கேட்டுக்கும் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். பழவேற்காடு ஏரியில் தன்னந்தனியாகப் போவதாகத் திட்டம்.

அவருக்கு நீச்சல் தெரியாது என்பதை மனைவி வசந்தகுமாரி ஞாபகப்படுத்தினாள்.

"போட்டுல போறவனுக்கு எதுக்கு நீச்சல்?" என்றார்.

வசந்தகுமாரி சண்டை போடுகிற ரகம் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நிபந்தனை போடுகிற ரகம். இரண்டு நாள் யோசித்தாள்.

"தண்ணில ஒண்டியா போறதுக்கு முன்ன, தரையில ஒண்டியா அந்தக் கம்பத்த ஏத்தி இறக்கிக் காட்டுங்க. யார் கையும் படக்கூடாது. பட்டுச்சுன்னா இந்தப் போட்ட வித்துடணும்."

"சரி!"

"ஞாயித்துக்கிழமை. காலைல ஒம்பது மணிக்குள்ள ஏத்திடணும். அப்புறம் வெயில் ஏறிடும்."

அவர் வழுக்கைத் தலையின் மேல் அவளுக்கு இருந்த அக்கறை கஜபதியை நெகிழ வைத்தது. "ஸ்கூட்டி எடுக்க இடிக்குது, இந்த வண்டிய அந்த வடகிழக்கு மூலைக்குத் தள்ளுங்க" என்று அவள் சொன்னபோது மறுபேச்சில்லாமல் தள்ளினார். தனியாகத்தான்.

ஞாயிறு காலை கம்பம் படகின் மேல் நீட்டிப் படுத்திருந்தபோது, வசந்தகுமாரி குளித்துவிட்டு ஒரு தாம்பாளத்தோடு வந்தாள். கம்பத்தின் உச்சியில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மாவிலைக் கொத்தையும் ஒரு மஞ்சள் துணி முடிச்சையும் கட்டினாள்.

"இது போட்டு வசந்தா, ஸ்கூட்டர் இல்ல."

"புதுசா ஒரு பொருள் நிக்கப்போவுது. அம்மன நெனச்சு ஒரு மஞ்சள் வச்சா இன்னா குறைஞ்சிடும்?"

"அப்ப உன் கை பட்டுச்சே. பந்தயம்?"

"படுத்துக்கினு கீறப்ப பட்டா கணக்கில்ல. ஏத்தறதுதான் கணக்கு."

நியாயமாகப் பட்டது. கஜபதி வேலையைத் தொடங்கினார். கம்பத்தின் அடிப்பக்கம் ஒரு கீலில் மாட்டியிருந்தது. அதன் எதிரே இன்னொரு குட்டைக் கம்பை முன்பக்கமாக நீட்டி வைத்து, அதன் நுனி வழியாகக் கயிற்றை விட்டு, படகின் மூக்கில் இருந்த வின்சில் சுற்றினால் பெரிய கம்பம் தானாக எழும். வெள்ளைத் தாடிக்காரர் அந்தக் குட்டைக் கம்புக்கு 'துணைக்கம்பு' என்று பொருள்படும்படி ஏதோ பெயர் சொன்னார். தனியாக ஏற்றுவதற்கே ஒரு துணை வேண்டியிருப்பதில் கஜபதிக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. துணை மனிதனாக இருந்தால்தான் அவருக்கு அவமானம்.

மூக்கைத் தேய்த்து, முதுகை நிமிர்த்தி, கடைசிச் சுற்றையும் சுற்றினார். கம்பம் நிமிர்ந்தது. பக்கக் கயிறுகள் விறைத்தன. மதிலுக்கு மேலே, கேட்டுக்கு மேலே, தெருவில் இருந்த எல்லா மாடிகளுக்கும் தெரியும்படி மாவிலைக் கொத்து காற்றில் ஆடியது.

மணி ஒன்பது ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. வசந்தகுமாரி மேலே பார்த்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள். கஜபதி அது தனக்கு என்று நினைத்துத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

பாதிப் பந்தயம் முடிந்தது. ஒரு வாய் காபி குடித்துவிட்டு இறக்கினால் படகு அவருடையது.

காபி ஆறுவதற்குள் கேட்டை யாரோ தட்டினார்கள். பக்கத்துத் தெரு பந்தல் பூபாலன். ஷாமியானா, நாற்காலி, சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு விடுபவன். முகம் வாடியிருந்தது.

"இன்னா சார் இது? பக்கத்து தெருவுல குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தன் கீறேன். வெளி ஆள வச்சு பந்தக்கால் நட்டுட்டியே!"

கஜபதிக்குப் பந்தக்கால் என்ற சொல் மனதில் ஏறவில்லை. 'வெளி ஆள்' என்ற அவதூறு மட்டும்தான் ஏறியது.

"வெளி ஆளா? எவன் சொன்னான்? நானே நட்டேன்! ஒண்டியா நட்டேன்!"

பூபாலன் வாயைப் பிளந்தான். "ஒண்டியாவா? பந்தக்கால எவனும் ஒண்டியா நட்டு நான் பாத்ததில்ல சார். நாலு பேரு கை வைக்கணுமே, அதானே முறை?"

"பந்தக்காலா? எந்தப் பந்தக்கால்? இது போட்டுக் கம்பம்பா!"

கஜபதி கேட்டைத் திறந்து, படகைக் காட்டினார். இதோடு குழப்பம் தீரும் என்று நம்பினார். பூபாலன் படகைச் சுற்றி வந்தான். தட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"மாப்ள என்ட்ரி போட்லயா! சார், நீ வேற லெவல் சார்! போன மாசம் ஒருத்தன் மண்டபத்துக்கு ஜேசிபில வந்தான், இன்னொருத்தன் டிராக்டர்ல வந்தான். போட்ல எவனும் வரல. இதுக்கு கீழ நீல துணி வுட்டு, பொகை வுட்டு, அலை கணக்கா செட் போட்டுத் தர்றேன். காசு கூட வேணாம் சார், ஒரு வீடியோ எடுத்துக்கறேன்!"

"கல்யாணமே இல்லடா!"

"புரியுது, புரியுது. சஸ்பென்ஸு."

"தெருவுல யார்கிட்டயும் உளறாத!"

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராது சார்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனான். உண்மையிலேயே ஒரு வார்த்தைகூட அவன் வாயிலிருந்து வரவில்லை. தெருவின் வாட்ஸப் குழுவில் போட்டோவாகப் போட்டான்.

அடுத்ததாக வந்தது மஸ்தான் பாயின் மனைவி மஹ்பூபா. கையில் சர்க்கரையும் வாழைப்பழமும் வைத்த தட்டு. கண்ணில் தண்ணீர்.

"எங்க பையன் ஜமீர் கல்யாணத்துக்கு மொத பத்திரிகை உங்க ஊட்டுக்குத்தானே கொண்டாந்தோம் அண்ணே? பக்கத்து ஊடு, நடுவுல ஒரு செவுரு. கம்பம் தெரிஞ்சப்புறமா நாங்க தெரிஞ்சுக்கணும்?"

பின்னால் வந்த மஸ்தான் பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், நான் இத போட்டுக் கம்பம்னுதான் நெனச்சேன். தெருவே பந்தக்கால்னு சொல்லுது. இன்னான்னு நீங்களே சொல்லிடுங்க. ஊட்ல எனக்கும் இவளுக்கும் சண்டை."

"நீங்க நெனச்சதுதான் பாய் சரி!"

"பாத்தியா?" என்று மஸ்தான் மனைவியைப் பார்த்தார்.

"மாவிலை கட்டியிருக்கு, மஞ்சத் துணி கட்டியிருக்கு, வடகிழக்கு மூலைல நிக்குது. போட்டாம் போட்டு!" என்றாள் மஹ்பூபா. "மாப்பிள்ளை அந்த பாஸ்கரன் அண்ணன் பையன்தானே அண்ணே?"

கஜபதிக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்தப் பேச்சே வேணாம்! கல்யாணம் கிடையாது! கிடையவே கிடையாது!"

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார். கேட்டுக்கு வெளியே நின்றிருந்தவர்களுக்கு அது, 'கல்யாணம் நின்றுபோய்விட்டது' என்று போய்ச் சேர்ந்தது.

பந்தக்கால் நட்ட அன்றே கல்யாணம் நின்ற வீட்டை அந்தத் தெரு இதற்கு முன்பு கண்டதில்லை. மனிதர்களின் ஈரம் இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும். எதிர்வீட்டு அனுசுயா கை வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். மதுரைப் பக்கத்துக்காரி, குவார்ட்டர்ஸிலிருந்து சமீபத்தில் இங்கே குடி வந்தவள். வசந்தகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு போர்ட்டிகோவில் உட்கார்ந்தாள். மஹ்பூபா இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். வசந்தகுமாரி எதையும் மறுக்கவில்லை, எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. எல்லோருக்கும் காபி கொடுத்தாள். அன்று அவள் வீட்டில் பாலுக்குத் தட்டுப்பாடே வரவில்லை.

"கவலைப்படாதீக அண்ணே" என்றாள் அனுசுயா. "எங்க சின்னம்மா மகன் ரயில்வேல இருக்கான். சொத்தைப்பல் ஒண்ணு உண்டு, மத்தபடி தங்கம். சாயங்காலமே வரச் சொல்லவா?"

இன்னொரு அம்மாள் தன் நாத்தனார் மகனின் போட்டோவை போனில் எடுத்துக் காட்டினாள். மூன்றாவது ஒருத்தி, "வயசு கொஞ்சம் கூட, ஆனா சொந்த ஊடு" என்றாள். கஜபதியின் வாழ்நாளில் இத்தனை பேர் இத்தனை உதவியை ஒரே நேரத்தில் அவருக்குச் செய்ய முன்வந்ததில்லை. அவருக்கு மூச்சு முட்டியது.

கதவோரம் கார்த்திகா நின்றிருந்தாள். தலையைக் குனிந்து, நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த கஜபதிக்கு, இந்த வரன்கள் எல்லாம் வாசலோடு போய்விட்டால் போதும் என்றிருந்தது.

"ஐயோ, கல்யாணம் நிக்கலம்மா! எதுவும் நிக்கல!" என்றார்.

உடனே அனுசுயா நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அவள் ஊரில் அதுதான் வழக்கம். பட்டாபிராமுக்கு அது புதிது என்பதால் இரண்டு தெரு தள்ளியிருந்தவர்களும் என்ன ஆச்சு என்று ஓடி வந்தார்கள்.

"எப்ப தேதி?"

"தேதியெல்லாம் குறிக்கல!"

"தேதி குறிக்காமயா பந்தக்கால் நட்டீக? நட்ட கால் சும்மா நிக்கக்கூடாதுண்ணே. சீக்கிரமே ஒரு நாள் பாத்துருவோம்."

விளக்கம் சொல்லச் சொல்ல விஷயம் கனத்துக்கொண்டே போகிறது என்பது கஜபதிக்கு அப்போதுதான் புரிந்தது. பேச்சை நிறுத்திவிட்டுச் செயலில் இறங்கினார். கம்பம் இருப்பதால்தானே இத்தனையும்? கம்பத்தை இறக்கிவிட்டால் கல்யாணமும் போகும், கூட்டமும் போகும், பந்தயமும் ஜெயிக்கும். வின்ச் அருகே போய்க் கைப்பிடியைப் பிடித்தார்.

"இன்னா சார் பண்ற?" என்று அலறினான் பூபாலன். ஷாமியானாத் துணியின் அளவெடுக்கத் திரும்ப வந்திருந்தான்.

"இறக்கறேன்."

"பந்தக்காலயா!"

கூட்டம் மொத்தமும் எழுந்தது. "அபசகுனம் அண்ணே!" "பொண்ணு வாழப்போற நேரம்!" "சாமி குத்தம் சார்!" அந்தத் தெருவில் ஒரு தண்ணீர் லாரி எந்த வீட்டு முன்னால் நிற்க வேண்டும் என்பதில்கூட இதுவரை ஒற்றுமை வந்ததில்லை. அன்று எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள்.

கஜபதி படகின் மேல் ஏறி நின்றார். "எல்லாரும் நல்லா கேட்டுக்கங்க! இத என் ஒருத்தன் கையால ஏத்தினேன். என் ஒருத்தன் கையால இறக்குவேன். குறுக்க எவன் கையும் வரக்கூடாது!"

வீரமான பேச்சு. சிலர் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இறங்கி வந்து, வின்சைத் திருப்பிச் சுற்றினார். கம்பம் மெல்லப் பின்னால் சாய்ந்தது. எல்லாம் வீடியோவில் பார்த்தபடியே நடந்தது. ஆனால் வெள்ளைத் தாடிக்காரரின் வின்ச் புதிது. கஜபதியுடையது, அதிகாரி இருந்த காலத்திலிருந்தே உப்புக்காற்றில் ஊறியது. தடுப்புப் பல் 'டக்' என்று நழுவியது. கைப்பிடி தானாகச் சுழலத் தொடங்கியது. கயிறு சீறிக்கொண்டு ஓடியது. கம்பம் வீட்டுப் பக்கம் சாய்ந்தது, அங்கே போர்ட்டிகோவில் பெண்கள், அவர்களுக்கு முன்னால், தாம்பாளத்தோடு நின்ற வசந்தகுமாரி, கதவோரம் கார்த்திகா.

கஜபதி ஓடுகிற கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தார். உள்ளங்கை எரிந்தது. விடவில்லை. ஆனால் அவர் எடை கம்பத்தின் எடைக்குப் போதவில்லை. செருப்பு வழுக்கியது. கயிறு அவரையே மேலே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

"கருமாரி தாயே!"

தாய் உடனே வரவில்லை. மஸ்தான் பாயை அனுப்பினாள்.

பக்கத்தில் நின்றிருந்த பாய் பின்னாலிருந்து பாய்ந்து, கஜபதியின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார். கயிறு நின்றது. கம்பம் பெண்களின் தலைக்கு மேலே, பாதி வானத்தில் நின்று ஆடியது. மாவிலைக் கொத்திலிருந்து ஓர் இலை மட்டும் உதிர்ந்து வசந்தகுமாரியின் தாம்பாளத்தில் விழுந்தது.

"பாய்! கை படக்கூடாதுன்னு சொன்னேன்ல!" என்றார் கஜபதி, தொங்கிக்கொண்டே.

"கம்பத்த தொடக்கூடாதுன்னு சொன்னீங்க. உங்கள தொடக்கூடாதுன்னு சொல்லலியே சார்!"

மஸ்தான் பாய் அவரைப் பிடித்துக்கொள்ள, அவர் கயிற்றைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். கம்பம் மறுபடி நிமிர்ந்தது. கயிற்றைத் தானே முடிச்சுப் போட்டுக் கட்டினார். கட்டி முடித்ததும் படகின் விளிம்பில் சாய்ந்துகொண்டார். மஹ்பூபா ஓடிப்போய் ரோஸ் மில்க் கொண்டுவந்து நீட்டினாள். மறுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வாங்கிக் குடித்தார். பல வருடங்களில் அவர் வாங்கிய முதல் கை அது. நன்றாகத்தான் இருந்தது.

"அப்பா, கைய காட்டு."

எதிரில் கார்த்திகா. அம்மாவிடம் சொல்லவில்லை, அவரிடமே சொன்னாள். அவர் கைகளை நீட்டினார். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. அவள் ஊதி ஊதி மருந்து தடவினாள். சின்ன வயதில் அவள் முழங்காலுக்கு அவர் செய்த அதே மாதிரி.

பிறகு, மனைவியைப் பார்த்து, "சரி வசந்தா. பாய் கை பட்டுடுச்சு. நான் தோத்துட்டேன். போட்ட வித்துடறேன்" என்றார்.

"பாய் தொட்டது உங்களத்தானே?" என்றாள் வசந்தகுமாரி. "கம்பத்த யாராவது தொட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப ஏத்தினது முழுக்க நீங்கதான்."

"நான்தான்."

"ஒண்டியாவா?"

"ஒண்டியாத்தான்!"

"உங்க கையாலயேவா?"

தோற்றதாக நினைத்த ஆட்டத்தில் திடீரென்று புள்ளி கிடைத்தால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? கஜபதி மருந்து தடவிய கைகளை ஊருக்கே தெரியும்படி உயர்த்தினார்.

"இந்தக் கையாலதான்! சந்தேகம்னா இதோ நிக்கறாங்களே, கேளு! வேற ஒரு கை பட்டுச்சா?"

"படல சார்! நான் சாட்சி!" என்றான் பூபாலன்.

"நாங்க எல்லாரும் சாட்சி!" என்றது தெரு.

"அப்ப போட்டு உங்களுக்குத்தான்" என்றாள் வசந்தகுமாரி. "இறக்கறத அப்புறமா, நல்ல நாள் பாத்து நாலு பேரா இறக்கிக்கலாம். ஆனா ஏரிக்கு ஒண்டியா போகக்கூடாது. பாயையும் கூட்டிகினு போங்க."

கஜபதி மஸ்தானைப் பார்த்தார். "பாய், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா உங்கள வுடாம புடிச்சுப்பேன்."

கஜபதி சிரித்துவிட்டார். கார்த்திகாவும் சிரித்தாள். எரிகிற கையோடு, படகையும் ஜெயித்து, மகளின் பேச்சையும் திரும்பப் பெற்று, ஒரு நண்பரையும் சம்பாதித்துக்கொண்ட திருப்தியில் அவர் நிமிர்ந்து அந்தக் கம்பத்தைப் பார்த்தார். இந்த உலகத்தில் யாரும் தன்னை எதையும் செய்ய வைத்துவிட முடியாது என்று அவருக்கு மறுபடியும் நம்பிக்கை வந்தது.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இடுப்பில் கூடையோடு, பூக்கார முனியம்மா உள்ளே வந்தாள். கம்பத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு வசந்தகுமாரி பக்கம் திரும்பினாள்.

"நேத்து நீ பந்தக்காலுக்குன்னு மாவிலை கேட்டப்ப நான் நம்பவே இல்லக்கா. 'என் கையால நட்டாதான் கல்யாணம்'னு தெருவே கிடுகிடுக்க கத்தின மனுசன், ஒருத்தரையும் தொட வுடாம ஒண்டியா நட்டுகினாரே!"